ஆற்றுக்கு எந்தப் பக்கம் குடியிருப்பது

வான்கூவர், வாஷிங்டன்
மார்ச் 9, ஞாயிறு காலை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே தகவல் சொல்லிவிடுகிறது, இந்த ஊரில்தான் தினமும் மழையாயிற்றே, அதனால் அவருக்கு ஓயாத தகவல். நீயும் ரூபனும் குட்டி மேவும் அந்த ஆங்கரேஜ் குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். மேவ் கரடிக் குல்லா போட்டுக்கொண்டு நிற்கும் படம் வந்து சேர்ந்தது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன், அப்பா பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவளிடம் ஏதோ ரகசியம் பேசிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். கூரையில் பாசி பிடித்துப் பச்சைக் கம்பளம் மாதிரி ஆகிவிட்டது, ஏணி பக்கம் போகவே கூடாது என்று நான் சொல்லியிருந்தும் நான் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து ஏறிவிட்டார். திரும்பி வந்து கீழே நின்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நாயெல்லாம் குரைத்தது, அவர் மட்டும் காது கேட்காதவர் மாதிரி சுரண்டிக்கொண்டிருந்தார்.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அப்புறம் நீ என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பிப்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வராமல் இருக்கத்தான் இந்தக் காகிதம். போர்ட்லாந்து ஆஸ்பத்திரியில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டதும் போன மாதம் நீ கேட்டாயே, அம்மா, உங்க பக்கம் குடியிருந்துக்கிட்டு ஆத்தைத் தாண்டி போர்ட்லாந்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனா என் சம்பளத்துல மாநில வரி பிடிப்பாங்களா என்று. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாஷிங்டன்ல சம்பளத்துக்கு வரியே கிடையாதுடி, நீ நம்ம பக்கமே வந்துடு, வருஷத்துக்கு எட்டாயிரம் டாலர் மிச்சம் என்று அடித்துச் சொன்னேன். அது பொய் பிரிட்டா. தெரியாமல் சொன்னது இல்லை, தெரிந்தே சொன்னது.

நீ பதினெட்டு வயதில் இங்கிருந்து கிளம்பிப் போனவள், அலாஸ்காவில் சம்பளத்துக்கும் மாநில வரி இல்லை, வாங்குகிற சாமானுக்கும் மாநில வரி இல்லை, அதனால் உனக்கு இந்த ஆற்றங்கரைக் கூத்து தெரிய நியாயமில்லை. எங்கள் வாஷிங்டன் பக்கம் சம்பளத்தைத் தொடமாட்டார்கள், ஆனால் கடையில் ஒரு நாற்காலி வாங்கினால் நூற்றுக்கு ஒன்பது டாலர் போலத் தீட்டிவிடுவார்கள். எதிர்க்கரையில் போர்ட்லாந்து இருக்கிற ஓரிகன் மாநிலத்தில் நாற்காலிக்கு வரி இல்லை, சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். ஆனால் எங்கே தூங்குகிறாய் என்று அவர்கள் பார்ப்பதில்லை, எங்கே வேலை செய்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி அந்தக் கரையில் இருக்கிறது, நீ நோயாளி பக்கத்தில் நின்று செய்கிற வேலை, வீட்டிலிருந்து செய்ய முடியாது, அதனால் நீ எந்தப் பக்கம் படுத்து எழுந்தாலும் உன் சம்பளத்துக்கு ஓரிகன்காரனுக்குக் கட்டித்தான் தீரவேண்டும். புதிதாகக் குடிவருகிற பாதிப் பேர் நான் சொன்ன அதே தப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இங்கே வீடு பார்க்கிறார்கள், அடுத்த ஏப்ரலில் வரி கட்டும்போது முகம் தொங்கிப்போகும். ஆனால் அவர்களுக்கு உள்ள சாக்கு எனக்கு இல்லை. உன் அப்பா முப்பத்தொரு வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயில் பெட்டிப் பட்டறையில் வெல்டிங் செய்தவர், வருஷா வருஷம் ஏப்ரலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஓரிகன் படிவத்தை நிரப்பிக்கொண்டு, என்கிட்ட வரி வாங்குறான், ஓட்டு மட்டும் குடுக்க மாட்டேங்கறான் என்று பொரிந்து தள்ளுவார். பக்கத்தில் காபி ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் பதில் நம் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறது. டோரீன் மே மாதம் யாக்கிமாவில் இருக்கும் மகனிடம் போகிறாள், வீட்டை வாடகைக்கு விடப்போகிறாள், பின்னால் பிளம் மரம், மேவ் ஓடி விளையாட வேலி போட்ட இடம். அவள் சொன்ன அன்றே அதை உங்கள் வீடு என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். வேறு யாருக்கும் காட்டாதே டோரீன், என் மக வர்றா என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியும்விட்டேன். அதோடு நிற்கவில்லை, அப்பாவைக் கிளப்பிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் மேவுக்கு ஒரு சின்னக் கட்டில் வாங்கி வந்தேன், எங்கள் பக்கத்தில் வாங்கினால் பதினெட்டு டாலர் வரி என்று. சனிக்கிழமை நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றோம், அப்பா வழியெல்லாம், பதினெட்டு டாலரை மிச்சம் பிடிச்ச மகராசி என்று என்னைக் கொஞ்சிக்கொண்டே வந்தார். இந்த ஊர்க்காரர்கள் யாரையும் கேட்டுப் பார், எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், வெட்கமே இல்லை எங்களுக்கு. கட்டில் இப்போது நீ படித்த அறையில் கிடக்கிறது.

ஆனால் நீ என் பேச்சை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடையில் உன் சிநேகிதி கேசி பார்த்து வைத்த அந்த அடுக்கு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அதை நீ சொன்ன அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் உங்கள் கணக்கு இடித்து, அந்த வேலையே வேண்டாம், ஆங்கரேஜிலேயே இருந்துவிடுகிறோம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். பதினேழு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவை விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப்பிடித்து அனுப்புகிறேன், இந்தத் தடவையும் அப்படித்தான் ஆகுமோ என்ற பயம், வேறு ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ரூபன் அப்பாவைப் போனில் பிடித்து, மாமா, அந்த எட்டாயிரத்தை வெச்சுத்தான் நாங்க எல்லாத் திட்டமும் போட்டிருக்கோம், சரிதானே என்று கேட்டார் பார், அப்பா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சூப் ஆறிப்போகுது என்று நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். ரூபனிடம் வானிலை பேசி வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏம்மா மார்லிஸ், முப்பத்தொரு வருஷம் நான் யாருக்கு வரி கட்டினேன், நிலாவுக்கா என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. அப்புறம், நீயே அவகிட்ட சொல்லிடு, நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும் என்று சொல்லிவிட்டு மறுபடி சூப்பைக் குடித்தார்.

சரி, பொய்யை ஒப்புக்கொண்டாயிற்று, என்னை மன்னித்துவிடு, இனி நேர்மையான கணக்கு. பயந்துவிடாதே, நான் பயந்த அளவுக்கு அது மோசமில்லை. உன் சம்பளத்தில் எந்தக் கரையிலும் மிச்சமில்லை, ஆனால் ரூபன் ஆங்கரேஜ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே குழாய் வரைபடம் போடுகிறவர், அவர் மேஜை வாஷிங்டன் பக்கம் இருந்தால் அவர் சம்பளத்துக்கு வரி இல்லை, போர்ட்லாந்தில் இருந்தால் உண்டு, அதில் வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் நிஜமான மிச்சம். டோரீன் வாடகையும் அந்த அடுக்கு வீட்டைவிட மாதம் இருநூறு குறைவு. போர்ட்லாந்துக்குள் குடியிருந்தால் தலைக்கு முப்பத்தைந்து டாலர் கலை வரி என்று ஒன்று வேறு வாங்குவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமும் சொல்லிக்கொடுக்க, அதை நான் குறை சொல்லமாட்டேன், அப்பா சொல்லுவார். செலவுப் பக்கம் பார்த்தால் இங்கே சாமானுக்கெல்லாம் விற்பனை வரி, உனக்கு வாரம் மூன்று நாள் பெட்ரோல், ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தக் காசு, பாலத்துக்குச் சுங்கம் போடப்போகிறார்கள் என்று பேச்சும் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருஷத்துக்கு மூவாயிரம் டாலர் போல எங்கள் பக்கம்தான் லாபம். எட்டாயிரம் இல்லை, மூவாயிரம். இந்த வேலைக்கு அவர்கள் தரும் சம்பளத்தில் எந்தக் கரையில் இருந்தாலும் நீங்கள் மூன்று பேரும் நன்றாகவே இருக்கலாம், அதை அப்பாவும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

இதை எழுதும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், அலாஸ்கா காரைக் கொண்டுவந்தால் குடியிருக்கும் பக்கத்து நம்பர் பலகைதான் மாட்டவேண்டும், முப்பது நாளைக்குள். உன் கிளென் சித்தப்பா இங்கே குடியிருந்துகொண்டு போர்ட்லாந்து நண்பன் வீட்டு விலாசத்தில் லாரி வாங்கி ஓரிகன் பலகையோடு நாலு வருஷம் ஓட்டினார், எவ்வளவு கெட்டிக்காரன் நான் என்று விருந்துக்கு விருந்து பீற்றிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருத்தருக்கு வயிறெரிந்து வரி ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். வரியும் அபராதமும் சேர்த்துக் கட்டிவிட்டு இப்போது விருந்தில் வாயே திறப்பதில்லை, உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும் கவனிக்கிறார். நீங்கள் அலாஸ்காவிலேயே தொண்ணூறு நாளுக்கு மேல் ஓட்டிய காருக்கு இங்கே விற்பனை வரி கேட்கமாட்டார்கள், அதனால் கிளம்புகிற அவசரத்தில் புதுக் கார் எதுவும் வாங்கவேண்டாம் என்று ரூபனிடம் சொல்.

பணக் கணக்கோடு நான் நிறுத்தியிருப்பேன், ஆனால் இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் எதுவும் சொல்லக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, உன் வேலை நேரத்துக்கு, நானே காரை எடுத்தேன். அந்தப் பாலத்தில் நான் தனியாக ஓட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது, பக்கத்தில் லாரி உரசுகிற மாதிரி வரும், அதனால் எப்போதும் அப்பாதான் ஓட்டுவார். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டுக்கு ஏறிவிட்டேன், முப்பத்தெட்டு நிமிஷம். மோசமில்லை என்று நினைத்தேன். திரும்புகிற நேரத்தையும் பார்க்கவேண்டுமே, வியாழன் மாலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன், அப்பா தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தார். பாலத்தை நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது, மணல் ஏற்றிய படகு ஒன்று அடியில் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதியை மேலே தூக்கிவிட்டார்கள். வேலைக்குப் போகிற வருகிற நேரத்தில் தூக்கமாட்டார்கள், ஆனால் நீ திரும்புகிற நேரம் அந்தக் கணக்கில் வராது. இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம், முன் காரிலிருந்து ஒருத்தன் இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான்.

அப்போது அப்பா சொன்னார், பிரிட்டா ரெண்டாங்கிளாஸ்ல ஆந்தையா நடிச்சாளே அந்த நாடகம், அதை நான் இங்கதான் பார்த்தேன், இதே இடத்துல, காருக்குள்ள உட்கார்ந்து. எனக்குப் புரியவில்லை. அன்னைக்கும் தூக்கிட்டாங்க, நான் வந்து சேர்ந்தப்போ ஸ்கூல்ல நாற்காலிய மடக்கிக்கிட்டிருந்தாங்க, பின்னால நின்னு பார்த்தேன்னு உன்கிட்டயும் அவகிட்டயும் சொன்னேன் என்றார். இருபத்தெட்டு வருஷமாக நீயும் நானும் அப்பா பின்வரிசையில் நின்று பார்த்தார் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டில் நான் மட்டும் பொய்க்காரி இல்லை என்று ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, மறுபக்கம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சேர எட்டு இருபத்தைந்து. மேவ் எட்டு மணிக்குத் தூங்குகிறவள்.

அன்றைக்குத்தான் எனக்கு முழுக் கணக்கும் விளங்கியது. இந்தக் கரையில் இருந்தால் உனக்கு வருஷத்தில் நூற்றைம்பது மணி நேரம் காரில் கூடுதலாகப் போகும், லாபம் மூவாயிரம் டாலர், ஒரு மணிக்கு இருபது டாலர். அந்த மணி நேரம் எல்லாம் மேவுக்குப் பல் தேய்த்துவிட்டுக் கதை படித்துப் போர்த்திவிடுகிற மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, பத்து நிமிஷம் நடந்தால் மகள் விழித்துக்கொண்டிருப்பாள் என்றால் அதை இருபது டாலருக்கு விற்காதே. அந்த அடுக்கு வீட்டையே கேள். அம்மா மனதுக்குப் பிடிக்காமல் சொல்கிறாள் என்று நினைக்கவேண்டாம், பிடிக்கவில்லைதான், ஆனாலும் யோசித்துத்தான் சொல்கிறேன். முடிவு உன்னுடையதும் ரூபனுடையதும், நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் அதற்கும் நான் மூக்கை நுழைக்கமாட்டேன், முயற்சி செய்வேன்.

டோரீனிடம் நேற்றே போய் உண்மையைச் சொல்லி, வீட்டை விரும்பியவர்களுக்குக் கொடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவள், உன் மக வராட்டி யாருக்குக் குடுத்தா என்ன என்று கொஞ்சம் கோபப்பட்டாள், அப்புறம் கேக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கும்போது கேசி சொன்ன தெருவிலும் போய்ப் பார்த்தேன், வாடகைக்கு என்ற பலகை இன்னும் தொங்குகிறது, இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். பலகையில் இருந்த நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இன்னொரு சேதி, இதை நம்புவதற்கு நீ உட்கார்ந்துகொள். ஓய்வு பெற்ற அன்று, இனி என் பொணம்கூட அந்தப் பாலத்தை நெரிசல்ல தாண்டாது என்று சத்தியம் செய்த மனுஷன், நேற்று காலை காபியைக் கலக்கிக்கொண்டே, பிரிட்டாவுக்கு வேலை இருக்கிற மூணு நாளும் சாயங்காலம் நான் போய் மேவைப் பார்த்துக்கறேன், ரூபன் நிம்மதியா வரைபடம் போடட்டும் என்கிறார். நெரிசல் இருக்குமே என்றேன். மூணு மணிக்கே கிளம்பிடுவேன், பாலத்தைத் தூக்கினாலும் நேரத்துக்குப் போயிடுவேன் என்றார். சொல்லிவிட்டுக் கார் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார், நீங்கள் இன்னும் வருகிறோம் என்றே சொல்லவில்லை.

வாருங்கள் பிரிட்டா. எந்தக் கரைக்கு வந்தாலும் சரி. கட்டிலை அப்பா கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், வாங்கின கடையைத் தாண்டியே போகும், அதைச் சொல்லி அவர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்று பேரும் உடம்பும் மனசும் குறையில்லாமல் இருக்கவேண்டும், ரூபனின் வேலை நிலைக்கவேண்டும், மேவ் உன்னைப் போலப் பிடிவாதமும் அப்பாவைப் போலப் பொறுமையுமாக வளரவேண்டும், கடவுள் கூடவே இருப்பார். ரூபனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள், நேரில் வரும்போது நானே கேட்பேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலைக்கு வருகிறாயா என்ற உன் பதிலுக்கு இருபதாம் தேதிவரைதான் காத்திருப்பார்கள். என்மேல் கோபமாக இருந்தால் எனக்கு மெதுவாகவே எழுது, எத்தனை நாள் ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு மட்டும் இன்றைக்கே பதில் போட்டுவிடு.

உன்னிடம் இனி கணக்கில் பொய் சொல்லாத,
உன் அம்மா
மார்லிஸ் ஹாகன்